ஏழாம் அத்தியாயத்தில் விடுபட்ட வரி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நடிகை சொல்லச் சொல்ல அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும் வேலைக்குப் போனேன். அட்டையில் அவர் பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது. அந்தப் புத்தகத்தில் எழுத எனக்குத் துணிச்சல் வராத ஒரு வரி உண்டு. அது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. கதை என்று பெயர் வைத்தால் இறங்குமா என்று பார்க்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நாற்பது படங்களில் தன் பாட்டைத் தானே பாடி நடித்த அந்த அபூர்வத் தாரகை, அன்று காலை

(தாரகை என்று எழுதியதும் நிறுத்திவிட்டேன். இருபது வருடம் சினிமா வாரப் பத்திரிகையில் குப்பை கொட்டிய கை, தானாக அப்படித்தான் போகும்.)

இரண்டாவது தடவை:

அவருக்கு இப்போது குரல் இல்லை.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகிறேன்.

2

அவருக்கு இப்போது குரல் இல்லை. எழுபத்தேழு வயது, தொண்டையில் இரண்டு அறுவை சிகிச்சை. காதருகே குனிந்தால் வெறும் காற்றாக ஏதோ கேட்கும். அதனால் எங்கள் வேலை இப்படி நடந்தது. அவர் கட்டிலில் சாய்ந்திருப்பார். மகள் முக்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் வாயருகே காதை வைத்துக் கேட்டு, எனக்குச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். என் ஒலிப்பதிவுக் கருவி தலையணை ஓரத்தில் கிடக்கும்.

மகளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் இன்னமும் பாப்பாதான். கண் ஆஸ்பத்திரியில் மைக் முன்னால் உட்கார்ந்து டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை. எனக்காக இரண்டு வாரம் நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்றாங்க, எழுதிக்கோங்க" என்பார். "நான் ஒரு நாளும் ஷூட்டிங்குக்கு லேட்டா போனதில்ல."

'நான்' என்றுதான் சொல்வார். அம்மாவின் 'நான்'. மூன்றாம் நாளுக்குப் பிறகு எனக்கு அது உறுத்தவில்லை.

(அடிக்குறிப்பாகப் போகவேண்டியது: முந்தைய படியில் பாப்பாவை ஒரு கடுகடுப்பான பெண்ணாக, அம்மாவை அடக்கி வைத்திருப்பவராக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கதை சுலபமாக முடியும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "அம்மா உங்கள ரெண்டு தடவ திட்டினாங்க சார், நான் தள்ளுபடி போட்டு ஒரு தடவதான் சொன்னேன்" என்று சிரிப்பவர். அந்தப் படியைக் கிழித்துவிட்டேன்.)

3

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பாட்டுப் பதிவில் 'டிராக்' என்று ஒன்று உண்டு. பெயர்பெற்ற பாடகி வருவதற்கு முன்னால் வேறு யாராவது பாட்டை முழுசாகப் பாடி வைப்பார்கள். பாடகி வந்து அதைக் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் தன் குரலைப் பதிவு செய்வார். பழையதை அழித்துவிடுவார்கள். டிராக் பாடியவர் பெயர் எங்கும் வராது.

நடிகைக்குப் பகல் முழுக்கப் படப்பிடிப்பு. டிராக் பாட, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளையே பழக்கினார்கள். அம்மா எங்கே மூச்செடுப்பார், எந்தச் சொல்லை அழுத்துவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மகள் பாடிவிட்டுப் போனபின் அம்மா மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வந்து, ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கிளம்புவார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு 'ஒரே டேக்' என்று பட்டப்பெயர்.

4

ஏழாம் நாள் காலை, கடைசி மூன்று படங்களைப் பற்றிக் கேட்டேன். அவற்றில் மொத்தம் பதினோரு பாட்டு. அவரை இன்றைக்கும் யாராவது நினைத்துக்கொண்டால் அந்தப் பதினொன்றால்தான்.

நடிகை வெகுநேரம் பேசினார். மகள் காதை எடுக்கவில்லை, முகம் மட்டும் வெளுத்துப்போனது. பிறகு நிமிர்ந்து, "அம்மா சொல்றாங்க, அந்தப் பாட்டெல்லாம் ஏதோ நல்லபடியா அமைஞ்சுதாம்" என்றார்.

அவ்வளவு பேச்சுக்கு ஒற்றை வரி. எனக்கு என்னவோ போல இருந்தது. மறுநாள் காலை வீட்டில் ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டேன். தலையணை உரசும் சத்தத்துக்கு நடுவே நடிகை பேசினார்:

"நாப்பத்திரண்டு வயசுல எனக்குத் தொண்ட போயிடுச்சு தம்பி. அன்னிக்குப் பன்னெண்டு டேக் எடுத்தேன். மேல போகவே இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு நின்னாங்க. மியூசிக் டைரக்டர்தான் சொன்னாரு, டிராக்க அழிக்க வேணாம், இந்த ஒரு பாட்டு மட்டும் அப்படியே போகட்டும்னு. ஒண்ணுன்னாங்க, பதினொண்ணாச்சு. பதினொண்ணும் பாப்பா பாடினது. நான் வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லல. அவ பேரப் போட்டு எழுதிடுங்க. இதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

அதற்கு அப்புறம் அவர் சொன்னது எனக்கானதில்லை. "சொல்லுடி பாப்பா. அவர்கிட்ட சொல்லேன்."

5

அன்று மதியமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாப்பா சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டிபன் டப்பாவை மூடினார்.

"கேட்டுட்டீங்க போல."

"ஏன் சொல்லாம விட்டீங்க?"

"சொன்னா என்ன ஆகும்? இந்தப் பதினொண்ணு பொய்யின்னு தெரிஞ்சா, மிச்ச முப்பத்தேழு படத்துல அவங்க பாடினதையும் எவனும் நம்பமாட்டான். எல்லாமே மக பாடினதுன்னு கிளப்பிவிடுவாங்க. உங்க பத்திரிகை ஆளுங்கதான் கிளப்புவாங்க. அவங்க உண்மையாவே பாடினாங்க சார். நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்."

"அவங்களே சொல்லச் சொல்றாங்களே."

"அவங்களுக்கு மனசு ஆறும். அப்புறம் பேப்பர்ல வர்றத அவங்களுக்குப் படிச்சுக் காட்டப்போறது யாரு? நான்தான்."

"உங்களுக்குன்னு ஒண்ணும் வேணாமா?"

"இருபத்திநாலு வயசுல என் பேர்ல ஒரு கேசட் போட்டேன். அதோட சரி."

இந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். அந்தக் கேசட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர்

எழுதியவன் நான். புனைபெயரில். "அம்மாவின் குரலை அப்படியே காப்பியடிக்கிறார். சொந்தக் குரல் கிடைத்ததும் மறுபடி வரட்டும்." இப்படி எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. அவர் யாரையும் காப்பியடிக்கவில்லை. அம்மாவின் குரல் என்று நான் காதில் வைத்திருந்ததே அவருடைய குரல்தான். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பாடக் கூப்பிடவில்லை.

"அது நீங்க எழுதினதுன்னு தெரியும் சார்" என்றார் பாப்பா, டப்பாவைப் பையில் வைத்தபடி. "படிக்க நல்லாத்தான் இருந்துச்சு."

உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். "நாற்பத்தாறு" என்று கூப்பிட்டார். ஒரு கிழவர் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து போனார்.

6

ஏழாம் அத்தியாயத்தை அந்த வரி இல்லாமலே எழுதினேன். மகளின் விருப்பத்துக்கு மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (வரியைச் சேர்த்தால் என் விமர்சனமும் வெளியே வரும் என்ற பயம் அதில் பாதி. பாதிக்கு மேலேயே இருக்கலாம்.)

இருவருக்கும் அதை வாசித்துக் காட்டினேன். நடிகைக்குக் காது நன்றாகக் கேட்கும். பதினோரு பாட்டு வரும் இடத்தில் தலையைத் தூக்கினார். நான் நிறுத்தாமல் அடுத்த பத்திக்குப் போனேன். அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"தண்ணி கேக்கறாங்க" என்று பாப்பா எழுந்து போனார்.

நடிகை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன். முதல் தடவையாக, நடுவில் ஆளோ கருவியோ இல்லாமல் அவர் பேசியதைக் கேட்டேன்.

"நீங்களும் மறைச்சிட்டீங்களா?"

பாப்பா டம்ளரோடு வந்துவிட்டார். நான் நிமிர்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பதினெட்டு நாள் கழித்து நடிகை இறந்துபோனார்.

7

முடிவுகள்.

அ) வரியைச் சேர்த்துவிடுகிறேன். புத்தகம் வெளிவருகிறது. பாப்பாவுக்கு மேடை, மாலை, கைதட்டல்

(நடக்காது. ஐம்பத்திரண்டு வயதில் கைதட்டல் கிடைத்து என்ன ஆகப்போகிறது?)

ஆ) பாப்பாவே மனம் மாறி என் வீட்டுக் கதவைத் தட்டி

(கதவைத் தட்ட வேண்டியவன் நான்.)

இ) இது நான் கற்பனை செய்ததில்லை. இரங்கல் கூட்டம், வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒலிபெருக்கியில் அந்தப் பதினொன்றில் ஒன்றைப் போட்டார்கள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்தியவர் பாப்பாவின் கையைப் பிடித்து, "நீங்க ரெண்டு வரி பாடுங்களேன், அம்மாவுக்காக" என்றார். பாப்பா மறுத்துப்பார்த்தார். விடவில்லை. எழுந்து போய், சற்றுமுன் ஒலித்த அதே பாட்டை, முப்பத்தைந்து வருடம் கழித்து, தன் குரலில் பாடினார்.

அவர் பாடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "அப்படியே அம்மாதான். ஆனா என்ன இருந்தாலும் அந்த ஒரிஜினல் மாதிரி வராது, இல்லீங்களா?"

நான் அவருக்கு என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். பாப்பா இன்னும் பாடி முடிக்கவில்லை, மனிதர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.