இறங்காத எலுமிச்சை

பெயிண்ட் கடைக்காரனுக்கு வெள்ளையில் மட்டும் பதினாறு வகை தெரியும். மோர் வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, மழைக்கு முந்தின வெள்ளை என்று அடுக்கி, வாங்க வந்தவர்களைத் திணறடிப்பான். வீட்டுக்கு வந்துவிட்டால் அவனிடம் இருப்பது ஒரே சொல். "நல்லாருக்கு."

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். அடி கருகினாலும் நல்லாருக்கு, சர்க்கரை போட மறந்தாலும் நல்லாருக்கு. ஆறு வருஷம் பொறுத்தவள், போன வாரத்தோடு கேட்பதையே நிறுத்திவிட்டாள். புதிதாகத் திறக்கும் ஹோட்டல் ஒன்று மாதிரிக்கு ஓர் எலுமிச்சை கேக் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் வாரா வாரம் ஆர்டர். ருசி பார்க்கும் தட்டு மாடி வீட்டுப் பல் டாக்டருக்குப் போனது.

"மிருதுவா, மணமா, நாவில் கரையுதுன்னு சொன்னாருங்க. மனுஷன் வாயில வார்த்தையா கொட்டுது."

"பல்லைப் பிடுங்குறவருக்குக் கேக்கைப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப நீங்க சொல்லுங்களேன்."

அவன் வாயைத் திறந்தான். வந்தது பழைய சொல்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கடைக்கு ஓர் அகராதி வந்தது. கலந்த பெயிண்ட் டப்பாவின் மூடியில் நிறத்தின் பெயரை எழுதுவது அவன் வழக்கம். ஒரு கையில் அகராதி, மறு கையில் மார்க்கர். மத்தியானம் பெயிண்டர் போன் செய்தார்.

"அண்ணே, குளியலறைக்கு இளநீலம் கேட்டேன். மூடியில 'நாவூறும்'னு எழுதியிருக்கு. வீட்டுக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க."

மாலையில் வீடு திரும்பியபோது, ஹோட்டல் திருப்பி அனுப்பிய கேக்கின் முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ குறையுதாம். என்னன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியல. நாளைக்கு இன்னொண்ணு குடுக்கணும், அதான் கடைசி."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"இன்னமும் நாவில்தான் கரையுதாம்."

அவன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினான். "அமுதினும் இனிய..."

"மேடையில பேசுறீங்களா?" சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

படித்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. மெதுவாக மென்றான். இன்னொரு துண்டை எடுத்து, அடிப்பக்கத்தை மட்டும் கடித்தான்.

"எலுமிச்சை மேலாக்க மட்டும்தான் இருக்கு. உள்ள இறங்கல. சுவரை நனைக்காம சிமெண்ட் பெயிண்ட் அடிச்ச மாதிரி, மேலேயே காஞ்சு நிக்குது."

அவள் விருட்டென்று எழுந்தாள். "எலுமிச்சைப் பாகு! போட்டோ எடுத்துட்டு, ஆறினப்புறம் ஊத்தினேங்க. சூட்டோட ஊத்தியிருக்கணும்!"

புதுக் கேக் ஓவனிலிருந்து வந்ததும், ஆவி பறக்கப் பறக்கக் குச்சியால் குத்திப் பாகை ஊற்றினாள். ஊறவிட்டு, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள்.

"இப்ப?"

"நல்..." அவள் புருவம் ஏறியது. "இறங்கிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அடி வரைக்கும்."

மறுநாள் பதினோரு மணிக்கு ஹோட்டல் ஆர்டர் கொடுத்தது. வாசனை பிடித்தபடி டாக்டர் தட்டோடு இறங்கி வந்தார்.

"தீந்துபோச்சே, டாக்டர்," என்று கதவைச் சாத்தினாள் அவள். பாதிக் கேக் மேஜைமேல் இருந்தது.

"பாவம், ஒரு துண்டு குடுத்திருக்கலாம்," என்றான் அவன், பெருந்தன்மையாக.

"எதுக்கு? அவருக்குக் கல்லைக் குடுத்தாலும் கரையும். நீங்க உக்காருங்க. அடுத்தது ஆரஞ்சு."