ஆயில் மேலே ஏறட்டும்

சாவியைத் திருப்பியதும் சவ வண்டியின் எஞ்சின் முக்கியதைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது கிளம்பாது. டிரைவர் இறங்கிவந்து கையைப் பிசைந்தான்.

"டீசல் உறைஞ்சு மெழுகாயிடுச்சும்மா."

நேற்று மாலை சாப்பிட்டுக்கொண்டே சரிந்துவிழுந்த அவள் கணவர், வாசலில் பெட்டிக்குள் படுத்திருந்தார். இடுகாடு மேட்டுக்கு அந்தப் பக்கம். மதியத்துக்குள் பனி கொட்டும், மேட்டு ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது.

"அப்பா லாரி இருக்கே," என்றாள் மகள்.

"ஓட்டுறதுக்கு ஆளு?" என்றான் கொழுந்தன். அவனுக்கு ஸ்கூட்டரே தகராறு.

"நான் ஓட்டுறேன் தம்பி."

"அண்ணி, விளையாடாதீங்க."

கல்யாணமான பிறகு வருஷக்கணக்கில் அவள் கணவரோடு லாரியில் போனது வீட்டாருக்குத் தெரியும், துணைக்கு என்று. பாதி வழியில் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் குறட்டை விடுவது யாருக்கும் தெரியாது. லைசென்ஸ்கூட எடுத்துக் கொடுத்திருந்தார்.

ராத்திரி அத்தனை அழுகைக்கு நடுவிலும் கொட்டகைக்குப் போய் எஞ்சின் ஹீட்டரின் பிளக்கைச் சொருகிவிட்டு வந்திருந்தாள். கைப்பழக்கம். டேங்கில் அவர் ஊற்றிவைத்த, குளிரில் உறையாத டீசல் இருந்தது.

இப்போது வயரைப் பிடுங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் பாதி திருப்பினாள். எஞ்சின் உள்ளே சூடேறுவதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. விளக்கு அணைந்ததும் முழுசாகத் திருப்பினாள். லாரி ஒருமுறை முனகி, உடம்பை உதறி, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. தெருவில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

பெட்டியைப் பின்னால் ஏற்றிக் கட்டினார்கள். மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொழுந்தன் முன்னால் தொற்றி ஏறினான்.

"மிதிங்க அண்ணி, சீக்கிரம் சூடாகும்."

"வேணாம். ஆயில் கெட்டியா இருக்கு. மேலே ஏறட்டும். இப்ப மிதிச்சா உள்ள தேஞ்சிடும்."

"அப்ப சூடாகுற வரைக்கும் நிக்கணுமா?"

"நின்னா பொழுதுக்கும் சூடாகாது. பிரேக்குக்குக் காத்து ஏறினதும் மெதுவா உருட்டணும். போகப் போகத்தான் சூடு பிடிக்கும்."

காற்று போதாது என்று பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்தது. முள் நகர்ந்தது. சத்தம் சட்டென்று நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். துக்க வீட்டில் முகம் இப்படி மலரக் கூடாது.

முதல் கியரில் தெரு முனை, இரண்டாவதில் சந்தை. மேட்டின் அடிவாரத்தில் தடுப்புக் கட்டையோடு நின்றிருந்த காவலர் அவள் முகத்தையும் பின்னால் இருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். வெப்பமானியின் முள் அசைந்தது. ஏற்றத்தில் அவள் இப்போதுதான் மிதித்தாள். எஞ்சின் முழுக் குரலில் பாடியது. வளைவுக்கு வளைவு, கை தானாகவே கியரைத் தேடிப் போனது.

"எப்பத்துல இருந்து அண்ணி?" என்றான் கொழுந்தன்.

அவள் அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்தாள். அவளுக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் மூச்சு படிந்து மங்கிக்கொண்டு வந்தது. அவன் கழுத்துத் துண்டை அவிழ்த்து, எட்டி, அதைத் துடைத்துக்கொண்டே வந்தான்.