யாரும் வராத கூட்டம்

டச்சு நகரமான டெவென்டரில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த சீப்ராண்டுக்கு அந்தப் புத்தகத்தின்மேல் ஒரே ஒரு குறைதான். தினமும் காலையில் அது நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. பக்கத்துப் புத்தகங்கள் சருகாய்க் காய்ந்திருந்தன.

ஐந்து மந்திரிகள் ஓய்வு பெற்றபின் சேர்ந்து எழுதிய அரசியல் நினைவுகள் அது. ஆஸ்டர்வேன் கிராமத்தின் கடற்கரைத் தடுப்பைப் பழுதுபார்க்கத் தேவையில்லை என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. தடுப்பு உடைந்து நாற்பத்தொரு பேர் மூழ்கினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தான் போகவேயில்லை என்று ஐவரும் எழுதியிருந்தார்கள். ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்கு மைத்துனி கல்யாணம். அடுத்தவர் எழுதியதை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று அச்சாகும்வரை ஒருவரும் படிக்கவில்லை. யாருமே வராத கூட்டத்தில் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியிருந்தது.

மந்திரிகளின் குடும்பத்தார் பிரதிகளைத் தேடித்தேடி எரித்தார்கள். இது கடைசிப் பிரதி. கேட்டு வந்திருந்தவள் பல்வலி மந்திரியின் கொள்ளுப்பேத்தி, வான் ரேமன் அம்மையார். தருவதாகப் போனிலேயே சொல்லிவிட்டான் சீப்ராண்ட். எதற்கென்று கேட்கத் தோன்றியது இப்போதுதான்.

"எரிச்சிடுவீங்களா மேடம்?"

"ஈரமா இருக்கே. முதல்ல காய வைப்பேன்."

இதுவும் போனால் அந்த நாற்பத்தொரு பேருக்குச் சாட்சியாக ஒரு தாள்கூட மிஞ்சாது. ஆனால் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? காப்பி கொடுத்தான். ஊர் வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினான். அம்மையார் கழிவறைக்குப் போய், முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"உங்க பிறந்தநாள் காலண்டர்ல பிப்ரவரி நாலுல யாருங்க அத்தனை பேரு?"

"அன்னிக்கு எங்க வீட்ல யாருமே பொறக்கலையே."

போய்ப் பார்த்தான். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் போல, பிறந்தநாள்களைக் குறித்து வைக்கும் காலண்டர் கழிவறைச் சுவரில்தான் தொங்கியது. அந்தத் தேதியில் பழுப்பு மையில் நாற்பத்தொரு பெயர்கள். மை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: 'நாங்கள் எல்லோரும் வந்திருக்கிறோம்.'

"தடுப்பு உடைஞ்ச தேதி மேடம்," என்றான் சீப்ராண்ட்.

அம்மையார் கையுறையை மாட்டிக்கொண்டாள். புத்தகத்தைத் தொடவில்லை.

"எனக்கு இன்னிக்குப் பல்வலிங்க. நான் இங்க வரவே இல்ல. சரியா?"

"சரிங்க மேடம்."

கதவு சாத்திக்கொண்டது. தரையில் அவளுடைய குதிகால் தடங்களுக்குப் பின்னால் வெறுங்கால் ஈரத்தடங்கள் வரிசையாக வாசல்வரை போயிருந்தன. சிலது குழந்தைக் கால்கள்.

மறுநாள் காலை, முதல்முறையாக, புத்தகம் காய்ந்திருந்தது.