பார்த்தது: ஒன்றுமில்லை

எங்கள் இயற்பியல் துறையில் இறுதியாண்டுத் திட்டக்கட்டுரை என்றால், ‘கண்டறிந்த அளவீடுகள்’ என்று ஒரு பக்கம் இருந்தே ஆக வேண்டும். ஊசலை ஆட்டிப் பார்க்கிறவனுக்கும் அதே விதி, அண்டத்தின் விளிம்பைப் பற்றி எழுதுகிறவனுக்கும் அதே விதி. பக்கம் காலி என்றால் நாற்பது மதிப்பெண்ணுக்குப் பூஜ்யம். பூஜ்யம் என்றால் பெயில். பெயிலானால், எனக்குக் கிடைத்திருந்த ஆராய்ச்சி இடம் அடுத்த மாதமே வேறொருவனுக்குப் போய்விடும்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வெண்துளை. கருந்துளைக்குள் போனது வெளியே வராது. அதே சமன்பாட்டில் காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்டால் வெண்துளை கிடைக்கும். அதிலிருந்து வெளியே வரலாம். உள்ளே மட்டும் எதுவும் நுழைய முடியாது. கருந்துளை தன் கடைசிக் காலத்தில் வெண்துளையாக மாறலாம் என்றுகூடச் சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இதுவரை ஒருவரும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு நான் எதை அளப்பது?

கைடிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“கருந்துளை பண்ற பசங்ககிட்ட டேபிள் இருக்குல்ல?”

“இருக்கு சார். கருந்துளையைச் சுத்தற நட்சத்திரத்தோட வெளிச்சம், தேதி போட்டு.”

“கருந்துளையைத் திருப்பிப் போட்டா வெண்துளை. நீதானே எழுதியிருக்க?”

“ஆமா சார்.”

“அப்ப டேபிளையும் கீழேருந்து மேல எழுது. இதுக்கெல்லாமா ஒரு கைடு வேணும்?”

வெண்துளை ஆராய்ச்சியை இவ்வளவு சீக்கிரம் முடித்துவைத்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

கல்லூரி வாசலுக்கு எதிரே என் அக்காவின் ஜெராக்ஸ் கடை. துறையின் கட்டுரைகளையெல்லாம் பைண்ட் செய்கிறவள் அவள்தான். கருந்துளைக் கட்டுரை ஒன்றைக் கேட்டேன். அடுக்கிலிருந்து உருவி என் முன்னால் போட்டாள்.

“எதை எடுத்தாலும் ஒண்ணுதான்டா. ஆறு வருஷமா இதே டேபிளைத்தான் பைண்ட் பண்றேன். அட்டை கலர் மட்டும் மாறுது. கடைசித் தேதியைப் பாரு.”

பார்த்தேன். ஜூன் 31.

“ஜூன்ல ஏதுக்கா முப்பத்தொண்ணு?”

“உங்க டிபார்ட்மென்ட்ல இருக்கும் போல. எங்களுக்கெல்லாம் முப்பதோட முடிஞ்சிடும்.”

கைடு சொன்னபடி தலைகீழாக எழுதினால், என் வெண்துளை முதன்முதலாகத் தென்பட்ட நாளே ஜூன் 31 ஆகிவிடும். அங்கேயே எனக்கு வீம்பு ஏறிவிட்டது. அட்டவணைக்குக் கட்டங்களை மட்டும் போட்டு, உள்ளே ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘பார்த்தது: ஒன்றுமில்லை. இதுவரை யாரும் பார்த்ததில்லை.’

அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தாள். “இதைக் குடுத்தா பெயில்டா. சீட்டு போயிடும்.”

“போகட்டும்க்கா.”

“அம்மாகிட்ட நீயே சொல்லிக்க. அன்னைக்கு நான் கடையிலேயே தூங்கிக்கறேன்.”

சொல்லிக்கொண்டே பக்கங்களை அடுக்கி, துளைபோடும் இயந்திரத்தின் கைப்பிடியை ஓங்கி அழுத்தினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். மேசையில் கருந்துளைகள் ஏழு, வெண்துளை ஒன்று. என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“டேபிள் காலியா இருக்கே?”

கைடு முந்திக்கொண்டார். “பிரிண்ட்ல விட்டுப்போச்சு மேடம். நீங்க டீ குடிக்கறதுக்குள்ள எழுதிடுவான்.” ஒரு கருந்துளையையும் தன் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். “எழுதுடா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பேனாவை மூடி அவரிடமே நீட்டினேன்.

“பார்க்காததை எழுத மாட்டேன் சார்.”

“மத்தவங்கல்லாம் எழுதலையா?”

“அவங்க ஜூன் முப்பத்தொண்ணாந்தேதி பார்த்திருக்காங்க சார். அன்னைக்கு நான் ஊர்ல இல்ல.”

சொன்ன பிறகுதான், வராந்தாவில் டை கட்டிக்கொண்டு நிற்கும் ஏழு பேரின் ஞாபகம் வந்தது. சொன்னது சொன்னதுதான்.

பேராசிரியை ஒரு கருந்துளையைப் பிரித்தார். தேதியில் விரல் வைத்தார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்கும்போது கைடுக்கு இருமல் வந்தது. பேராசிரியை என்னைப் பார்த்தார்.

“ஒருத்தரும் பார்க்காததை எதுக்கு நம்பறீங்க?”

“நம்பறேன்னு எங்கயும் எழுதல மேடம். சமன்பாடு இடம் குடுக்குது. வானம் இன்னும் காட்டல. ரெண்டையும் எழுதியிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. விதிப்புத்தகத்தை வாங்கி, இருமுறை படித்தார்.

“உங்களுக்கு நாப்பதுக்குப் பூஜ்யம்தான் போட முடியும். விதி தெளிவா இருக்கு. இந்த ஏழு பேருக்கு என்ன போடறதுன்னுதான் இதுல இல்ல.” கைடு பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க.”

கைடு என்னிடம் திரும்பினார்.

“திருப்தியா? ஒரு வருஷம் போச்சு, சீட்டும் போச்சு. அடுத்த தடவையாவது அந்தப் பக்கத்தை நிரப்புவியா?”

“அதுக்குள்ள யாராவது பார்த்துட்டா நிரப்பறேன் சார்,” என்றேன். “பார்க்கலைன்னா, அதையும் தேதி போட்டு எழுதறேன்.”