மூடி மேல் பச்சைப் பொட்டலம்

அந்த உலோகப் பெட்டி ரேடியோ அலைக் கசிவுச் சோதனையில் தேறி ஐம்பத்து மூன்று மணி நேரமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தன. இப்போது அதே பெட்டி தோற்றுவிட்டது.

பெய்-யுன் திரையைப் பார்த்தபடி நின்றாள். 625 மெகாஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை, எல்லைக் கோட்டை ஆறு டெசிபெல் தாண்டி நின்றது. பெட்டிக்குள் அவள் வரைந்த கடிகாரச் சுற்றின் துடிப்பிலிருந்து கசியும் அலை அது. அந்தத் துடிப்பின் ஐந்தாம் மடங்கு.

"அதே பெட்டி, அதே கேபிள்" என்றார் சோதனை அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆ-குவாங். "எப்படிம்மா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான்கு மணிக்கு மேலாளர் ஷுவே அறிக்கையில் கையெழுத்திடுவார். ஆயிரத்து இருநூறு பெட்டிகள் மருத்துவமனைகளுக்குக் கிளம்பும். நோயாளியின் நாடித்துடிப்பை அளக்கும் கருவிகளுக்குப் பக்கத்திலேயே அவை உட்காரும்.

திரைக்குப் பக்கத்திலிருந்த சோதனைக் கருவியின் தலையில், இயந்திரத்தைக் காக்கும் தாயத்தாக, தேங்காய்ச் சுவை நொறுக்குத்தீனி, பச்சைப் பொட்டலம். தைவானின் சின்சுவில் அது இல்லாமல் எந்த இயந்திரத்தையும் யாரும் நம்புவதில்லை. ஆ-குவாங் அதை எடுத்துத் தேதி பார்த்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. சாமி மேல குத்தமில்ல. உன் மூஞ்சிதான் பேயறஞ்ச மாதிரி இருக்கு."

கதவு திறந்தது. ஷுவே திரையைப் பார்த்தார். "என்ன இது? திங்கக்கிழமை நீதானே ஃபோன் பண்ணி தேறிடுச்சுன்னு குதிச்ச?"

"சார், ஒரு நிமிஷம்."

ஆ-குவாங்கின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சோதனை அறைக்குள் போனாள். பெட்டியின் மூடி ஓரத்தில் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளத்தில் இடுக்கு. அதன்மேல் பொட்டலத்தைப் படுக்க வைத்தாள். கனத்த கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா பூசையா?" என்றபடி ஆ-குவாங் சோதனையை ஓட்டினார்.

கூர்முனை இறங்கியது. கோட்டுக்குக் கீழே இரண்டு டெசிபெல்.

"அடேங்கப்பா!" ஆ-குவாங் நெஞ்சில் கைவைத்தார். "சாமி நேர்லயே வந்துட்டாருய்யா!"

ஷுவே பேனாவை எடுத்தார். "எதுவோ, இறங்கிடுச்சுல்ல? அப்படியே அச்செடு."

பெய்-யுன் மறுபடி உள்ளே போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். அவர்கள் கண்ணெதிரே கிழித்தாள். தீனி தரையெங்கும் உருண்டது. உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேசையில் விரித்தாள். வெள்ளி போல் பளபளத்தது, அலையை மறைக்கும் உலோகப் பூச்சு.

ஆ-குவாங்கின் சிரிப்பு நின்றுவிட்டது. "உள்ள பெட்டியைத் தவிர துரும்புகூட இருக்கக்கூடாதே" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை கதவைச் சாத்தினது நீதானே?"

"ஆமாண்ணே. பயமா இருந்துச்சு. ராசிக்காக யாருக்கும் தெரியாம இதை மூடி மேல வச்சேன்." அவள் ஷுவேயின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "சார், நம்ம பெட்டி ஒருநாளும் தேறவே இல்ல."