மேலிருந்து காட்டும் கை

"இந்தத் தடவை நீ ஓட்டு. நான் மேல ஏறறேன்" என்று மனைவியிடம் சொன்னார் மாஸ்டர்.

அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. வீட்டில் இருந்த காலத்தில் பல்பு மாற்றுவதற்கே ஸ்டூலை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் இந்த மனிதருக்கு. இப்போது இடுப்பில் பெல்ட்டை மாட்டி, கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பாய்மரத்தின் அடியில் அண்ணாந்தபடி நின்றார். மரத்தின் இருபுறமும் மாற்றி மாற்றி அடித்த சின்னப் படிகள். பாதி உயரத்தில் இடமும் வலமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கம்பிகள். அதுவரை ஏறி உட்கார்ந்து பாறையைப் பார்த்துக் கை காட்டுவது இந்தப் பயணம் தொடங்கியதிலிருந்து அவள் வேலை. அந்த நேரத்தில் கீழே வீலைப் பிடிப்பது அவர் வேலை. யாரும் பேசி வைத்து அப்படி ஆகவில்லை. படகு வாங்கிய முதல் நாளே அவர் போய் வீல் முன்னால் நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

நாள் கணக்காகத் தண்ணீரைத் தவிர எதையும் பார்க்காத கண்ணுக்கு முன்னால் தீவு தெரிந்தது. காற்றில் ஈர மண்ணின் வாசனை வந்தது. தீவைச் சுற்றிப் பவளப்பாறை மதில் போல வளைந்து கிடக்க, கடல் அதன்மேல் மோதி வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதில் ஒரே ஓர் இடைவெளி. அதற்குள் நுழைந்துவிட்டால் உள்ளே குளம் மாதிரி அமைதியான தண்ணீர். வெளியிலேயே காத்திருக்கலாம் என்றால், ராத்திரிக்குள் பெரிய காற்று வரும் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறை மேலிருந்து தெரியும். சூரியன் சாய்ந்துவிட்டால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. இப்போது போனால்தான் உண்டு.

இருவரும் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர்கள். அதை விற்ற பணத்தில்தான் இந்தப் படகு. ஆண்களுக்கு மாஸ்டர், பெண்களுக்கு அவள். வாழ்நாளெல்லாம் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவோடு, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டே பிழைத்த இரண்டு பேர் ஒரு படகில் ஏறினால் எப்படி இருக்கும்! படகுக்கு பிரேக் கிடையாது என்பதையே அவர் ஒரு வருஷம் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது கரையை நெருங்கினால் இரண்டு பேருடைய வலது காலும் தரையை அழுத்தும்.

போன தீவில்தான் வினை வந்தது. அவள் மேலிருந்து இடது கையை நீட்டினாள். அவர் வலது பக்கம் திருப்பினார். தடார் என்ற அந்தச் சத்தம் அவள் பல் வரைக்கும் ஏறியது. அடுத்த கடலேற்றத்தில் தண்ணீர் உயரும் வரை படகு ஒருக்களித்துக் கிடந்தது. போவோர் வருவோரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். பக்கத்துப் படகுக்காரர்களிடம், "வீட்டுக்காரம்மா கை மாத்திக் காட்டிட்டாங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கே பையனுக்குப் போன் போட்டாள். அடுத்த தீவில் இறங்கிவிடுகிறேன், ஊருக்கு டிக்கெட் பார்த்து வை, அதற்கு மேல் அவராச்சு அவர் படகாச்சு என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நடுக்கடலில் தன் முறைக்கு வீலைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் பாய் புடைத்துப் படகு பாய்கிற பாய்ச்சலில் அவளுக்கு மனசு துள்ளும். இதை விட்டுவிட்டா போகப்போகிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வரும். கடல் அவளுக்குக் கசக்கவில்லை. அந்த மனிதரோடு சேர்ந்து ஓட்டுவதுதான் முடியவில்லை.

மாஸ்டர் ஏற ஆரம்பித்தார். ஒரு படி, ஒரு மூச்சு. கீழே பார்க்கவே இல்லை. குறுக்குக் கம்பியில் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்து, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி, இடது கையால் மரத்தை ஆரத்தழுவிக்கொண்டு, வலது கையை நேராக முன்னால் நீட்டினார். பாயை இறக்கியாயிற்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அலை உடைகிற இரைச்சலில் இனி பேசினால் கேட்காது. அந்தக் கை ஒன்றுதான்.

இடைவெளியின் வாயில் படகு மூக்கை நுழைத்ததுமே அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இடது பக்கம் தண்ணீர் நீலமாக, சுருக்கமே இல்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் அலை எழும்பி நுரைத்துக் கொதித்தது. பால் குடிக்கிற குழந்தைகூட இடது பக்கம்தான் போகும். அவள் கை தானாகவே வீலை இடது பக்கம் கொண்டுபோகப் பார்த்த நேரத்தில், மேலே அந்தக் கை வலது பக்கம் திரும்பியது.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வலதுதான். நுரைக்குள் போ என்கிறார்.

தலைசுற்றிவிட்டது மனிதருக்கு என்று நினைத்தாள். உயரத்தைப் பார்த்துப் பயந்து இடம் வலம் மறந்துவிட்டார். இல்லாவிட்டால் வேண்டுமென்றே செய்கிறாரா? போன தீவில் நடந்தது இரண்டு பேருக்கும் சமமாக ஆகிவிடட்டும் என்றா? இடது பக்கம் நல்ல தண்ணீர் வா வா என்று கூப்பிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் இங்கேதான் நின்றார். இதே மாதிரி ஒரு நல்ல தண்ணீர் அவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். மேலிருந்து ஒரு கை அதற்கு நேர் எதிராக நீண்டிருக்கும். பக்கத்துப் படகில் போய்ச் சொன்ன பொய் வேறு கணக்கு, அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கை காட்டிய பக்கம் வீலைத் திருப்பாமல் போனாரே, அது திமிர் இல்லை. கண்ணை மீறிக் கையை நம்புவது இவ்வளவு கஷ்டம் என்று மேலே உட்கார்ந்திருந்த அவளுக்கு எப்படித் தெரியும்?

பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் திருப்பினாள்.

படகு குதிரை போல முன்கால் தூக்கியது. முதல் அலை முகத்தில் அறைந்தது. உப்பு, நுரை, மறுபடியும் அலை. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. ஆனால் அடியில் எதுவும் இடிக்கவில்லை. உள்ளேயிருந்து வெளியே ஓடும் தண்ணீர் கடலோடு மல்லுக்கட்டுகிற இடம் அது. ஆழம் இருப்பதால்தான் அந்தக் கொதிப்பு. அந்தக் கை கொஞ்சம் இடது என்றது, திருப்பினாள். நேராக என்றது, இன்ஜினை முழு மூச்சாக முடுக்கினாள். அண்ணாந்து பார்த்தால் மாஸ்டரின் வலது கால் படியை நசுக்கிவிடுவது போல மிதித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த முகத்தோடு, தன்னந்தனியாக, வாய்விட்டுச் சிரித்தாள். அதே நேரம் இடது பக்கம் அந்த அழகான நீலத் தண்ணீர் கடந்துபோயிற்று. அதற்கு முழங்கால் ஆழம்கூட இல்லை. அடியில் பழுப்புப் பாறை முள்ளும் முடிச்சுமாக விரிந்து கிடந்தது. மஞ்சள் மீன் ஒன்று அதில் ஒளிந்துகொள்வதைக்கூடப் பார்த்தாள்.

பிறகு ஒரேயடியாக அமைதி. யாரோ கதவைச் சாத்தியது போல இரைச்சல் பின்னால் நின்றுவிட்டது.

மணல் தெரிகிற இடமாகப் பார்த்து அவளே முன்பக்கம் போய் நங்கூரத்தை இறக்கினாள். அவளே இன்ஜினால் படகைப் பின்னுக்கு இழுத்து, நங்கூரம் மணலைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். இன்ஜினை அணைத்த பிறகும் மாஸ்டர் இறங்கவில்லை. இறங்க முடியவில்லையா என்று கேட்டாள். இறங்கலாம், அவசரமில்லை என்றார். மரத்தைத் தழுவிய கையை மட்டும் எடுக்கவில்லை.

கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பையன் டிக்கெட் போட்டுட்டானா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்கு யார் சொன்னது என்றாள்.

"இது என்ன பங்களாவா? நீ போன்ல பேசினா, அந்தாண்டை பாத்திரம் கழுவுற எனக்குக் கேக்காதா?"

இத்தனை நாள் தெரிந்து வைத்துக்கொண்டேதான் அவள் முறை முடியும்போதெல்லாம் டீ போட்டுக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல், மேலிருந்து அப்படி என்னதான் தெரிகிறது என்று கேட்டாள்.

"நீயே வந்து பாரு."

மரத்தின் அந்தப் பக்கத்துப் படிகளில் அவள் ஏறினாள். அவளுக்கு அது பழகிய ஏணி. எதிர்ப்பக்கத்துக் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நடுவில் மரம் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தீவு முழுசாக விரிந்து கிடந்தது. அதற்கும் அப்பால், பாறை மதிலின் மறுகோடியில், இன்னொரு இடைவெளி. வந்த வழியைவிடக் குறுகல். அதன் நடுவில் ஒரு திருப்பம் வேறு. அதைத் தாண்டி அவர்கள் இன்னும் போகாத கடல்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"அந்த வழியில போறதுக்கு எத்தனை மணி வெயில் சரியா இருக்கும்?" என்று கேட்டாள்.

அந்த இடைவெளிக்கு அப்பால் தண்ணீரின்மேல் கறுப்பாக ஒரு கோடு எழுந்து, அகலமாகி, அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் சொன்ன காற்று. அது வந்து தொட்டதும் கம்பிகள் மெல்ல முனகத் தொடங்கின. மாஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார். மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் கை வளைந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் முகம் மட்டும் காற்றுக்கு நேராக, கழுத்தை நீட்டிக்கொண்டு, அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.