அந்தரத்தில் நின்ற பெயின்டர்

ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் தரைக்கு வந்து சேரவில்லை. ஜாம் வீட்டின் மாடி ஜன்னலுக்கு ஓர் ஆள் உயரம் மேலே, கையில் பிரஷோடு, ஜெல்லிக்குள் கிடக்கும் பழத்துண்டு மாதிரி அந்தரத்தில் நின்றுவிட்டான். மூச்சு வந்தது, பேச்சு வந்தது, ஆள் மட்டும் வரவில்லை.

காரணம் ஜாம்காரம்மாவின் மகள். அந்த மாடியில் தாயும் மகளும்தான் ஜாம் காய்ச்சுவார்கள். பழத்தைத் தேனில் போட்டுக் காப்பாற்றிய காலத்து ஆட்கள், சில பழம் தானாக இறுகுவதையும் சில பழம் எவ்வளவு காய்ச்சினாலும் கூழாகவே கிடப்பதையும் பார்த்துக் குழம்பினார்களாம். இறுக வைப்பது பழத்துக்குள் இருக்கும் பெக்டின் என்பது பிறகுதான் தெரிந்தது. கனிந்த பழத்தில் அது குறைவு. அதனால் ஸ்ட்ராபெர்ரி கொதிக்கும்போது, பச்சை ஆப்பிளின் தோலையும் விதையையும் வேகவைத்து எடுத்த சாற்றை மகள் ஊற்றுவாள். ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பாள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். அன்றைக்குத் தட்டு ஜன்னலில், நல்ல வெயிலில் இருந்தது. சுடுகிற தட்டில் எந்த ஜாம் சுருங்கும்? சொட்டு ஓட ஓட, இவள் சாற்றை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஆவி ஜன்னல் வழியே போய்த் தெருக் காற்றை இறுக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏணி சறுக்கியது.

"தட்ட ஃப்ரிட்ஜுல வைன்னு எத்தன தடவ சொல்றது? ஜன்னல்ல ஏன்டி வச்ச?" என்று ஜாம்காரம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அங்க நின்னாதாம்மா அவரு தெரியறாரு."

குட்டு உடைந்தது. மேலே பெயின்டரின் காது சிவந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் ஆளாளுக்கு நாட்டாமை. கீழே கூடியிருந்தவர்களில் பேக்கரிக்காரர், வெந்நீரை வீசினால் இளகிவிடும் என்றார். "இளகறதுக்கு இது எலும்புல எடுத்த ஜெலட்டினா? பழத்துல எடுத்தது. அவன்தான் வெந்துபோவான்" என்றாள் ஜாம்காரம்மா. சட்டென்று இளகினாலும் ஆள் கல்தரையில் விழுந்து செத்துப்போவான். மகளுக்கு உயிரே போய்விட்டது. புளிப்பு மிஞ்சினால் ஜெல்லி கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டுச் சுருங்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கூடை எலுமிச்சையைப் பிழிந்து, அழுதுகொண்டே கொதிக்க வைத்தாள். காற்று நீர் விட்டது. கீழே நின்றவர்களின் தலையெல்லாம் பிசுபிசுத்தது. பெயின்டர் அங்குலம் அங்குலமாக இறங்கினான்.

மத்தியானம் கால் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. கீழே போர்வையை விரித்துப் பிடித்திருந்தவர்கள், "அப்படியே வாப்பா, பிடிச்சிக்கிறோம்" என்றார்கள்.

"வேண்டாம்ணே. நான் இங்கயே இறங்கிக்கிறேன்" என்று அவன் ஜன்னலுக்குள் காலை வைத்தான். ஜாம்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.

இருவருக்கும் கல்யாணம் ஆகி, பிறந்த இரண்டு பெண்களும் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டில் அளவுக்கு இறுகிய காற்று இன்னும் மிச்சமிருக்கிறது. புறாக்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. அந்த வீட்டில் துணி காயப்போடக் கொடி கட்டுவதில்லை. அவன் சட்டையையும் அவள் உடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காற்றிலேயே வைத்துவிட்டு, காய்ந்ததும் எடுத்து மடித்துக்கொள்கிறார்கள்.